புதுத் தறி நன்றாக ஓடுகிறது, ஷெட் ஓடவில்லை. எங்கே பிழை?

கேள்வி: பல்லடம் ஷிப்ட்

எல்லோருக்கும் வணக்கம். பல்லடம் பக்கம் ஒரு நெசவு ஆலையில் ஷிப்ட் பொறுப்பில் இருக்கிறேன். பன்னிரண்டு வருடமாக நெசவுதான் சோறு போடுகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆடி முடிந்த கையோடு முதலாளி பழைய ரேப்பியர் தறிகளைத் தள்ளிவிட்டு 24 ஏர்ஜெட் தறி (காற்றை வைத்துக் குறுக்கு நூலைச் செலுத்துவது) இறக்கினார். வங்கிக் கடன்தான். கூடவே ஒரு கண்காணிப்பு மென்பொருளும் வந்தது. எந்தத் தறி எத்தனை முறை நின்றது, பாவு (நீளவாக்கு நூல்) அறுந்ததா ஊடை (குறுக்கு நூல்) அறுந்ததா, எத்தனை நிமிடம் நின்றது, எல்லாம் ஷெட்டின் வடக்குச் சுவரில் ஒரு பெரிய டிவியில் ஓடும். நெசவாளர் பெயர் வரிசையாக வரும். எஃபிஷியன்ஸி, அதாவது ஓட வேண்டிய நேரத்தில் தறி ஓடிய அளவு, 85 சதவீதத்துக்குக் கீழே போனால் பெயர் சிவப்பாகும். அதே நிமிடம் முதலாளி கைப்பேசிக்கும் செய்தி போய்விடும்.

தறி கம்பெனி ஆட்கள் கூடவே இருந்து ஓட்டிக் காட்டிய முதல் மாதம் 91 வந்தது. அவர்கள் கிளம்பியதும் இறங்க ஆரம்பித்தது, இப்போது 82, 83இல் நிற்கிறது. அதைவிட வேதனை துணி. பழைய தறியில் பார்க்காத டேமேஜ் எல்லாம் இப்போது பார்க்கிறேன். நான்கு மாதத்தில் ஆறு நெசவாளர்கள் வேலையை விட்டுவிட்டார்கள். அதில் இரண்டு பேர் நான் முடிச்சுப் போடுவதிலிருந்து சொல்லிக்கொடுத்த பையன்கள்.

ஷிப்ட்டுக்கு நான்கு நெசவாளர்கள், ஆளுக்கு ஆறு தறி. மொத்தத்துக்கும் ஒரு ஃபிட்டர். பீம் (பாவு சுற்றிய உருளை) ஏற்றவும் துணி ரோல் இறக்கவும் இரண்டு பேர். கூட்டித் துடைக்க ஒரு அம்மா. நாட்டிங் (தீர்ந்த பீம் இழைகளோடு புது பீம் இழைகளை முடிவது) போடும் ஆட்கள் இரண்டு பேர், பகலில் மட்டும். ஈரப்பத பிளான்ட் எலக்ட்ரீஷியன் பொறுப்பு. நெசவாளருக்கு அவர் ஆறு தறியின் எஃபிஷியன்ஸியைப் பார்த்து ஊக்கத்தொகை. ஃபிட்டருக்கு மெக்கானிக்கல் நிறுத்தம் குறைந்தால் தனியாக ஒரு தொகை. பீம் ஆட்களுக்கு வெறும் மாதச் சம்பளம்.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். மணி இரண்டு இருக்கும். 17ஆம் தறி நின்றது. ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே பாவு இழை ஒன்று அறுந்திருக்கிறது. அந்த நெசவாளருக்கு அதே நேரத்தில் 15லும் விளக்கு எரிகிறது. அறுந்த இழையைத் தேடிப் பிடித்து, டிராப்பர் (இழை அறுந்தால் விழுந்து தறியை நிறுத்தும் தகடு), விழுது, அச்சு மூன்றிலும் கோத்து முடிச்சுப் போட்டு விட இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அவர் டிவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்த டிராப்பரை மட்டும் பக்கத்து இழையோடு தூக்கிக் கட்டிவிட்டுத் தறியை ஓட்டிவிட்டார். டிவியில் பச்சை. துணியில் அந்த இடத்திலிருந்து நீளவாக்கில் ஒரு கோடு, மயிரிழை அளவுக்கு, விடியும் வரைக்கும்.

நான் அடுத்த சந்தில் நின்றிருந்தேன். என்னைப் பார்த்துவிட்டார். பயப்படவில்லை. களைத்துப்போன முகத்தோடு சொன்னார்: "சிவப்பு வந்தா ஃபோன் வருதுங்ணா. கோடு வந்தா யாருக்கும் ஃபோன் வர்றதில்ல."

இன்னொன்று. தறி நின்றால் காரணத்துக்கு ஒரு பொத்தான் அமுக்க வேண்டும். நெசவாளர் மெக்கானிக்கல் என்று அமுக்குவார். ஃபிட்டர் வந்து அதைப் பாவு என்று மாற்றுவார். போன வாரம் இதற்காக டீக்கடையில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

முதலாளி ஆட்கள் சரியில்லை என்கிறார். மென்பொருள்காரர் பயிற்சி போதவில்லை என்கிறார். தறிக்காரர் நூல் சரியில்லை என்கிறார். எம்பிஏ படித்த உறவுக்காரப் பையன் ஒருவன் இதை 'சோஷியோ டெக்னிக்கல்' பிரச்சினை என்று சொன்னான். அந்தப் பார்வையில் இதைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது, எங்கே தொடங்குவது என்று சொன்னால் பெரிய உதவி. காரணத்தோடு போய்ச் சொன்னால் முதலாளி கேட்கக்கூடியவர்.


பதில் 1: கோவை நிரல்

உங்கள் ஆலைக்கு நான் செய்யவில்லை, ஆனால் இதே மாதிரி கண்காணிப்பு மென்பொருள் ஒன்றை வேறு மூன்று ஆலைகளுக்குச் செய்த குழுவில் இருந்தேன். வேலை தொடங்கும்போது முதலாளியோடு நாலு கூட்டம், மேனேஜரோடு இரண்டு. அவர்கள் என்ன பார்க்க ஆசைப்பட்டார்களோ அதைத் திரையில் போட்டோம். நெசவாளர் ஒருவரிடம்கூட 'தறி நின்றதும் உங்களுக்கு முதலில் என்ன தெரிய வேண்டும்?' என்று நாங்கள் கேட்டதே இல்லை. உங்கள் பதிவைப் படித்த பிறகு மனசு கனக்கிறது. பெயர் வரிசையை எடுத்துவிடுவது, கைப்பேசிச் செய்தியை நிறுத்துவது, இரண்டும் அமைப்புகளில் பத்து நிமிட வேலை. செய்து தரச் சொல்லிக் கேளுங்கள், முடியாது என்று சொன்னால் நம்பாதீர்கள்.


பதில் 2: ஓய்வு மாஸ்டர்

தம்பி, 34 வருடம் நெசவுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் 17ஆம் தறி நெசவாளர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே ஒரு தாளில் எழுதி முதலாளி மேசையில் வையுங்கள். ஆலோசகருக்குப் பணம் கொடுத்தாலும் இதைவிடத் தெளிவாக எழுதித் தர மாட்டார்.

சோஷியோ டெக்னிக்கல் என்றால் இயந்திரத்தையும் ஆட்கள் சேர்ந்து வேலை செய்யும் விதத்தையும் பிரிக்காமல் ஒன்றாகப் பார்ப்பது. அது நம் தொழிலுக்குப் புதிதே இல்லை. உலகத்தில் இந்தச் சிந்தனை வளர்ந்த இரண்டு மூன்று இடங்களில் ஒன்று ஒரு தறி ஷெட். அதுவும் நம் நாட்டில், அகமதாபாத்தில்.

1953இல் லண்டன் டாவிஸ்டாக் என்ற ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஏ. கே. ரைஸ் என்பவர் சாராபாய் குடும்பத்தின் கேலிகோ ஆலைக்கு வந்தார். அங்கே அதற்கு முந்தைய வருடம்தான் தானியங்கித் தறிகள் போட்டிருந்தார்கள். தறி புதுசு, ஈரப்பத ஏற்பாடு இருக்கிறது, ஆட்களின் வேலைப்பளுவை எல்லாம் அளந்து கணக்குப் போட்டுத்தான் பிரித்திருந்தார்கள். ஆனாலும் எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை, டேமேஜும் குறையவில்லை. உங்கள் கதைதான்.

அந்த ஷெட்டில் 224 தறி. ஒரு ஷிப்ட்டுக்கு 29 பேர். அந்த 29 பேருக்கு 12 வேலைப் பெயர்கள். நெசவாளர் எட்டுப் பேர், பாட்டரியில் (தறிக்கு ஊடை நூல் கொடுக்கும் பெட்டி) ஊடைக் குழல் நிரப்புபவர் ஐந்து பேர், மொத்தமாக அறுந்த பாவை எடுப்பவர் மூன்று பேர். பிறகு பீம் ஏற்றுபவர், துணி தூக்குபவர், ஜாபர் (தறியைச் சரிபார்ப்பவர்), அவருக்கு உதவியாள், எண்ணெய் விடுபவர், கூட்டுபவர் என்று போகும். நெசவாளருக்கு 24 அல்லது 32 தறி. ஜாபருக்கு 112. எண்ணெய் விடுபவருக்கு 224ம். ஒருவர் எல்லை இன்னொருவர் எல்லையோடு எங்கேயும் பொருந்தாது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு நெசவாளருக்குக் கிடைத்தது எட்டில் ஐந்து பங்கு குழல் நிரப்புபவர், எட்டில் மூன்று பங்கு பாவு எடுப்பவர். முழு மனிதர் ஒருவர்கூட அவருக்குக் கூட்டாளி இல்லை. இழை அறுந்தால் யாரைக் கூப்பிடுவது, அந்த ஆள் அப்போது யாருடைய தறியில் இருப்பார், யார் முதலில் என்று தீர்மானிப்பது யார்? எல்லாத் தகராறும் மேற்பார்வையாளரிடம் வந்து நிற்கும்.

இப்போது உங்கள் ஷெட்டுக்கு இதே கணக்கு. ஒரு நெசவாளருக்குக் கால் ஃபிட்டர். அரை பீம் ஆள். ராத்திரியில் நாட்டிங் பூஜ்யம். அப்படியிருக்க, நின்ற நிமிடம் முழுவதும் அந்த நெசவாளர் பெயரில் சிவப்பாக ஏறுகிறது. பீம் தீர்ந்து நாட்டிங் ஆளுக்காக விடியும் வரை நிற்கும் தறியும் அவர் கணக்கில்தானே? இருக்கும் என்று நினைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

ரைஸ் அங்கே செய்தது பெரிய மந்திரமெல்லாம் கிடையாது. ஒரு தொகுதித் தறியை ஒரு சின்னக் குழு முழுசாகப் பார்த்துக்கொண்டால் என்ன என்ற யோசனையை அங்கே பேச்சில் வைத்தார். மேனேஜரும் மேற்பார்வையாளர்களும் பேசி முடிப்பதற்குள் தொழிலாளர்களே அதைப் பிடித்துக்கொண்டு, யார் யாரோடு சேர்வது என்று தாங்களே குழு கட்டிவிட்டார்கள். எஃபிஷியன்ஸி ஏறியது, டேமேஜ் இறங்கியது. தறி அதே தறி.

இதற்கு முந்தைய கதை பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கத்தில் இருக்கிறது. அதே டாவிஸ்டாக்கின் எரிக் டிரிஸ்ட், கென் பாம்ஃபோர்த் இருவரும் 1951இல் எழுதினார்கள். பாம்ஃபோர்த் 18 வருடம் நிலத்துக்கடியில் கரி வெட்டியவர், அதனால்தான் அந்தக் கட்டுரையில் உயிர் இருக்கிறது. முன்பெல்லாம் இரண்டு பேர் ஜோடி போட்டுக்கொண்டு ஒரு சின்ன முகப்பில் (கரி வெட்டும் சுவர்) வெட்டுவது, அள்ளுவது, முட்டுக் கொடுப்பது எல்லாம் செய்வார்கள். யாரோடு ஜோடி என்பதும் அவர்கள் விருப்பம். வெட்டும் இயந்திரமும் கன்வேயரும் வந்ததும் முகப்பை நீளமாக்கி, வேலையைத் துண்டு போட்டு, மூன்று ஷிப்ட்டுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். முதல் ஷிப்ட் வெட்டிவிட்டுப் போகும், கடைசி ஷிப்ட் அள்ளும். வெட்டியது சரியில்லை என்றால் அதன் வலி அள்ளுகிறவனுக்கு. வெட்டியவன் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான். ஆள் வராமை, ஒருவர் மேல் ஒருவர் பழி, மேற்பார்வைக்கு மேல் மேற்பார்வை, எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

பிறகு இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் டிரிஸ்ட் குழு இன்னொன்றைப் பார்த்தது. ஒரே மாதிரிக் கரிப்படுகை, ஒரே இயந்திரம், ஆனால் வேலையைக் கட்டிய விதம் வேறு. ஒரு முகப்பில் ஆளுக்கு ஒரு துண்டு வேலை, தனித்தனிக் கூலி. இன்னொன்றில் எல்லோருக்கும் எல்லா வேலையும் தெரியும், முந்தைய ஷிப்ட் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர்வார், கூலி பொது. 1963இல் புத்தகமாக வந்தது. எடுக்க முடிந்த கரியில் முதலாவது முகப்பு 78 சதவீதம் எடுத்தது, இரண்டாவது 95. வேலைக்கு வராமை முதலாவதில் 20 சதவீதம், இரண்டாவதில் 8.2. இந்த எண்களை நான் எத்தனை மேனேஜரிடம் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. அவர்கள் கேட்பது ஒன்றுதான்: 'அந்த இயந்திரம் எந்த மாடல்?'

சரி, எங்கே தொடங்குவது. உடனே குழு கட்டப் போகாதீர்கள். மூன்று ராத்திரி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஷெட்டில் நில்லுங்கள். தனியாக வேண்டாம், ஒரு நெசவாளர், ஃபிட்டர், பீம் ஆள், துணி செக்கிங் பார்ப்பவர் ஒருவர், எல்லோரும் இருக்கட்டும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: கோளாறு எங்கே பிறந்தது, யார் கண்ணில் முதலில் பட்டது, யார் கையால் தீர்ந்தது. சைசிங்கில் (பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றும் இடம்) பிறந்த கோளாறு நெசவாளர் கண்ணில் பட்டு, ஃபிட்டர் கையில் போய், முதலாளி கைப்பேசியில் முடிந்தால், அந்த வழி முழுவதும் நோட்டில் தெரியும்.

1976இல் ஆல்பர்ட் செர்ன்ஸ் என்பவர் இந்த அனுபவங்களை எல்லாம் சேர்த்துச் சில விதிகள் எழுதினார். இரண்டு எனக்கு மனப்பாடம். கோளாறு பிறந்த இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் அதை அடக்க வேண்டும் என்பது ஒன்று. எந்தக் கை அதைச் சரிசெய்யுமோ அந்தக் கைக்குத்தான் செய்தி முதலில் போக வேண்டும் என்பது இன்னொன்று. உங்கள் டிவி இந்த இரண்டாவதை அப்படியே தலைகீழாகச் செய்கிறது. சரிசெய்ய முடியாத இடத்தில் இருப்பவருக்கு அதே நிமிடத்தில் செய்தி, சரிசெய்ய வேண்டியவருக்கு அவமானம்.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. நான் இளம் வயதில் கோவையில் ஒரு ஆலையில் தானியங்கித் தறி வந்தபோது ஆள் பிரிப்பு அட்டவணை போட்டவன் நானே. ஸ்டாப் வாட்ச் வைத்து இரண்டு வாரம் உட்கார்ந்து போட்டேன். ஒரு நிமிடம்கூட வீணாகாத அட்டவணை. அடுத்த ஆறு மாதம் அந்த ஷெட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. முத்து என்று நாங்கள் கூப்பிட்ட ஒரு பெரியவர், கண்ணை மூடிக்கொண்டு தறியின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லுவார், அவரை எண்ணெய் விடுவதற்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டேன். அட்டவணையில் 'சத்தம் கேட்பது' என்று ஒரு வேலையே இல்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.


பதில் 3: மடிப்பறை

நான் பதினான்கு வருடமாக மடிப்பறையில் துணி செக்கிங். விளக்கு வைத்த மேசையில் துணி ஓடும், கண் பின்னாலேயே ஓடும். அந்தக் கோடு எங்களிடம்தான் வந்து நிற்கும்.

நான் என்ன செய்வேன்? ரோல் எண், தறி எண், எத்தனையாவது மீட்டரில் தொடங்கி எதில் முடிகிறது என்று எழுதுவேன். அது ஆபீசுக்குப் போய், கணினியில் ஏறி, ஷெட்டுக்கு வரும்போது மூன்றாம் நாள். அந்த நெசவாளர் அதற்குள் ஷிப்ட் மாறியிருப்பார், அந்தப் பீமே தீர்ந்திருக்கும். திட்டு மட்டும் சரியாக வந்து சேரும்.

ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. கோடு விழுந்த துணியில் ஒரு முழம் வெட்டி எடுத்துக்கொண்டு நேராகத் தறிக்கே போனேன். ஒடிசா பையன், இருபது வயதுகூட இருக்காது. துணியை வாங்கி டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தான். ரோலை இறக்கிய பிறகு துணி எப்படி இருக்கும் என்று அவன் அதுவரை பார்த்ததே இல்லையாம். எனக்கு ஒடியா தெரியாது, அவனுக்குத் தமிழ் அரைகுறை. தறியின் அந்த இடத்தைக் காட்டி, இங்கே, என்றான். அன்றைக்கே அந்த இழையை ஒழுங்காக எடுத்துவிட்டான். அடுத்த ரோலில் கோடு இல்லை.

இடத்தை விட்டுப் போனதற்கு என் சூப்பர்வைசர் திட்டினார். அதோடு போவதை விட்டுவிட்டேன்.

அண்ணா, நோட்டு எழுதும்போது செக்கிங் ஆளைச் சேர்க்கச் சொன்னதற்கு மாஸ்டர் ஐயாவுக்கு நன்றி. எங்களை யாரும் ஷெட்டு ஆளாக நினைப்பதில்லை.


பதில் 4: சோமனூர் தறி

பெரியவர் எழுதியது படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான் சொந்தமாகத் தறி போட்டவன், அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் சொல்கிறேன். தவணை மாதா மாதம் ஐந்தாம் தேதி வரும். முதலாளி ஃபோனைப் பார்ப்பது வேடிக்கைக்காக இல்லை, தூக்கம் வராமல்தான். பொதுக் கூலி என்றால் நாலு பேரில் ஒருவன் சும்மா நின்றாலும் அதே பணம், நன்றாக ஓட்டுபவன் வெறுத்துப்போய் பக்கத்து மில்லுக்குப் போவான். இன்னொன்று, அகமதாபாத்தில் ஆட்கள் நிரந்தரம். இங்கே தீபாவளிக்கும் சாத் பூஜைக்கும் ஊருக்குப் போனால் திரும்பி வருவானா என்பதே தெரியாது. குழு யாரை வைத்துக் கட்டுவது?

பல்லடம் தம்பி, டிவியை எடுங்கள், சரி. அதற்கு மேல் மெதுவாகப் போங்கள்.


பதில் 5: ஓய்வு மாஸ்டர்

சோமனூர் நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

அகமதாபாத் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. அதே டாவிஸ்டாக்கிலிருந்து எரிக் மில்லர் 1970இல் திரும்பப் போய்ப் பார்த்தார். தானியங்கித் தறி ஷெட்டில் குழு முறை நிறையத் தேய்ந்து, பழைய மாதிரிக்கே சாய்ந்திருந்தது. அதே ஆலையில் தானியங்கி அல்லாத சாதாரணத் தறி ஷெட்டில் தொடங்கிய குழு முறை மட்டும் பதினாறு வருடம் கழித்தும் ஏறக்குறைய அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே ஒரு முறை கட்டிவிட்டால் தானாக நிற்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ரகம் மாறும்போது, நூல் வரத்து தடுமாறும்போது, மேலே இருப்பவர் பதறிப்போய்க் குழுவுக்குள் கையை விட ஆரம்பித்தால், ஆறே மாதத்தில் குழு பெயருக்கு மட்டும் இருக்கும். என் கண்ணாலேயே இதைப் பார்த்திருக்கிறேன்.

சும்மா நிற்பவன் பற்றி: இப்போது அவனை யார் கேட்கிறார்கள்? ஷிப்ட் பொறுப்பாளர் ஒருவர், 24 தறிக்கும் நடுவில் ஓடிக்கொண்டே. பணம் பொதுவானால் பக்கத்தில் நிற்பவன் கேட்பான். அவன் கேட்பது எட்டு மணி நேரமும் கேட்பதாக இருக்கும். ஆனால் ஒரு நிபந்தனை, குழுவை அவர்களே கட்ட வேண்டும். நீங்கள் பட்டியல் போட்டு ஒட்டினால் உங்கள் பயம் பலிக்கும்.

வந்து போகும் ஆட்கள் விஷயத்தில் எனக்கு உங்களோடு முழுசாக ஒத்துப்போக முடியவில்லை. போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பல்லடம் தம்பி சொன்ன ஆறு பேரில் இரண்டு பேர் உள்ளூர்ப் பையன்கள் போலிருக்கிறதே.

முதலாளியின் தூக்கம் பற்றி நீங்கள் சொன்னது மனசில் தைத்தது. அதை அவரிடமே பேசச் சொல்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு வரும் செய்தியை வைத்து அவர் படுக்கையிலிருந்து செய்யக்கூடிய ஒரே வேலை யாரையாவது கூப்பிட்டுச் சத்தம் போடுவது. காலை ஏழு மணிக்கு ஒரே ஒரு தாள், நேற்று ராத்திரி எந்தக் கோளாறு எங்கே பிறந்தது என்று வந்தால், சைசிங்காரரைக் கூப்பிட்டு அவர்தான் பேச முடியும். அது அவர் கையில் மட்டும் இருக்கும் வேலை.


பதில் 6: பல்லடம் ஷிப்ட்

எல்லோருக்கும் நன்றி. ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், என்ன நடந்தது என்று சொல்லாமல் விட்டால் தப்பு.

மூன்று ராத்திரி நோட்டு போட்டோம். நான், ஒரு நெசவாளர், ஃபிட்டர், பீம் ஆள், மடிப்பறையிலிருந்து ஒரு அக்கா. முதல் ராத்திரி யாரும் வாயே திறக்கவில்லை. இரண்டாம் ராத்திரி டீ நேரத்தில் ஃபிட்டர் தானாகச் சொன்னார்: நாலு மணி வாக்கில் ஒரே வரிசையில் தறிகள் அடுத்தடுத்து நிற்கின்றன, அது தறிக் கோளாறே இல்லை என்று. ஈரப்பத மீட்டரைப் போய்ப் பார்த்தோம். அந்த நேரத்தில்தான் எலக்ட்ரீஷியன் பிளான்ட்டை நிறுத்தி ஃபில்டர் கழுவுகிறார். அவர் ஷிப்ட் முடிவதற்குள் முடிக்க வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. காற்று காய்ந்தால் பாவு அறுக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. இத்தனை மாதமாக அந்த அரை மணி நேரம் நான்கு நெசவாளர்கள் பெயரில் சிவப்பாக ஏறியிருக்கிறது. இப்போது பாதிப் பாதியாக, பகலில் கழுவுகிறார்.

பீம் தீர்ந்து நிற்கும் தறி பற்றி மாஸ்டர் ஐயா கேட்டது சரிதான். அதுவும் நெசவாளர் கணக்கில்தான் இருந்தது.

முதலாளியிடம் அந்த ஒரு வாக்கியத்தை எழுதிக் கொண்டுபோய் வைத்தேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் சொன்னது என்று கேட்டார், பெயர் சொல்லவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை. டிவியிலிருந்து பெயர்களை எடுத்தாயிற்று, இப்போது எந்தத் தறி யாருக்காகக் காத்திருக்கிறது என்று மட்டும் வரும். கைப்பேசிச் செய்தியை இரண்டு மாதத்துக்கு நிறுத்தச் சம்மதித்தார். அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

சோமனூர் அண்ணன் சொன்ன மாதிரி மெதுவாகவே போகிறோம். 13 முதல் 24 வரை மட்டும் ஒரு தொகுதி. இரண்டு நெசவாளர்கள், ஒரு பீம் ஆள், பகலிலிருந்து ராத்திரிக்கு மாற்றிய ஒரு நாட்டிங் பையன். நான்கு பேரும் தாங்களே பேசிச் சேர்ந்தவர்கள். ஊக்கத்தொகை நான்கு பேருக்கும் ஒன்றே, டேமேஜ் கழித்து. பீம் ஆளுக்கு வாழ்க்கையில் முதல் ஊக்கத்தொகை. இங்கே எழுதிய மடிப்பறை அக்கா சொன்னதைக் கேட்டு, கோடு விழுந்த துணியில் ஒரு முழம் அன்றைக்கே தறிக்கு வருகிறது, கூடவே திட்டு வராது.

அந்தத் தொகுதி இப்போது 87இல் இருக்கிறது. டேமேஜ் கண்கூடாகக் குறைந்திருக்கிறது. இந்த ஆறு வாரத்தில் யாரும் வேலையை விடவில்லை. போன புதன்கிழமை 17ஆம் தறியில் அதே நெசவாளர், ஓடிக்கொண்டிருந்த தறியைத் தானே நிறுத்தினார். துணியில் விரலை வைத்துக் குனிந்து பார்த்துவிட்டு, பின்பக்கம் போய் இழையை எடுத்துக் கோத்து முடிச்சுப் போட்டார். நான்கு நிமிடம். அந்த நேரத்துக்கு 15ஐ நாட்டிங் பையன் பார்த்துக்கொண்டான்.

சைசிங் பிரச்சினை தீரவில்லை. இரண்டு செட் பீம் மோசம் என்று நோட்டு சொல்கிறது, அவர்கள் நூலைக் காட்டுகிறார்கள், பேச்சு நடக்கிறது.

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது ஃபிட்டரிடம். அவருக்கு இன்னும் பழைய கணக்குதான், மெக்கானிக்கல் நிறுத்தம் குறைந்தால் பணம். தொகுதியில் ஒன்றாக நின்று வேலை செய்கிறார், பணம் மட்டும் எதிர்ப்பக்கம் இருக்கிறது. நேற்று ஷிப்ட் மாறும்போது வந்து, "நான் எந்தத் தொகுதிங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இரண்டு தொகுதிக்குப் பொதுவாக ஒரு ஃபிட்டரை வைத்து ஓட்டியவர்கள் யாராவது இருந்தால், அவருக்கு ஊக்கத்தொகைக் கணக்கை எப்படிப் போட்டீர்கள் என்று எழுதுங்கள்.